பூஜையில் வைத்த துண்டு

திருத்தணி
28.9.2002

சிரஞ்சீவி கணேஷுக்கு அக்கா ஜம்பகத்தின் ஆசீர்வாதம்.

பிள்ளையார் சதுர்த்திக்கு வந்து நீ கிளம்பிப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி இல்லை. போன் எதற்கு இருக்கிறது என்பாய். போனில் பேசினால் பக்கத்துப் போர்ஷன் ஞானம்மாள் உடனே வாசலுக்கு வந்து அரிசி புடைக்க ஆரம்பிக்கிறாள். கடிதமென்றால் நான் சொல்ல நினைத்ததை மட்டும்தான் ஊர் தெரிந்துகொள்ளும்.

நீ கிளம்பிய அன்று மத்தியானம் நம் பூக்காரி புஷ்பலதாவின் புருஷன் பச்சையப்பன் செத்துப்போனான். கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில் அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கிறதல்லவா, அங்கே மோட்டார் ரூமில் மண்டை உடைந்து கிடந்தானாம். வழுக்கித் தொட்டி விளிம்பில் விழுந்துவிட்டார் என்று அவள் அழுகிறாள். விழுந்தும் இருக்கலாம், யாராவது அடித்தும் இருக்கலாம் என்று டாக்டர் எழுதி வைத்துவிட்டார். தம்பிக்காரன் கண்ணையன் சந்தேகம் என்று புகார் கொடுத்திருக்கிறான். தலையில் கட்டியிருந்த துண்டைப் போலீஸ் ரத்தத்தோடு எடுத்துப் போயிருக்கிறது. அது கோர்ட் வழியாக உங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருமாமே. நன்றாகப் பார்த்துச் சொல்லு. பதினைந்து வருஷமாக நமக்குப் பூக் கொடுக்கிறவள்.

ஆபீஸில் இந்த வருஷம் ஆயுத பூஜை உன் பொறுப்பு என்றாயே. மலைச் சந்தனம் ஒரு டப்பா, குங்குமம், விபூதி அனுப்பியிருக்கிறேன். மடப்பள்ளி வம்சத்துப் பிள்ளை என்று நம்பித்தானே டைரக்டர் உன்னிடம் ஒப்படைத்தார்? லலிதா சகஸ்ரநாமம் முழுசும் சொல்லு. நீ சின்ன வயசிலிருந்தே முணுமுணுப்பாய். வாய்க்குள்ளேயே சொல்லாதே. ஆயிரம் நாமத்தையும் வாய் திறந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்லு.

வீட்டில் சுப்ரஜாவை நான் விசாரித்ததாகச் சொல்லு.

உன் அக்கா
ஜம்பகம்


ஆய்வகக் குடியிருப்பு
19.10.2002

அன்புள்ள அக்காவுக்குக் கணேஷ்ராம் நமஸ்காரம்.

சந்தனம் வந்தது. பூஜை அமோகமாக நடந்தது.

எங்கள் டைரக்டர் ஜம்புலிங்கம் சார் இந்த வருஷம் ஒரு புதிய யோசனை சொன்னார். நுண்ணோக்கி, கத்தரிக்கோல், இடுக்கி, சுழற்றும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம்தான். ஆனால் பிள்ளைகள் சரஸ்வதி முன்னால் புத்தகத்தை அடுக்குவது படிப்பு வருவதற்காக. அப்படியிருக்க, நானூறு வழக்குகள் நிலுவையில் கிடக்கும்போது நாம் வழக்குகளை அல்லவா அடுக்க வேண்டும் என்றார். ஆகவே சீல் வைத்த பொட்டலங்களை ஒரு பக்கம் அடுக்கினோம். பிரித்தவற்றைக் காகிதத்தின் மேல் அப்படியே பரப்பி வைத்தோம். அன்றைக்குப் பிரித்திருந்தவை இருபத்து மூன்று வழக்குகளின் பொருட்கள்.

நீ எழுதிய துண்டும் அதில் இருந்தது. கோர்ட் முத்திரை சரியாக இருந்தது. உள்ளே இருந்ததுதான் சரியில்லை. ரத்தம் காயாத துண்டை ஏதோ லுங்கிக் கடையின் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஈரத்தோடு பாலிதீனில் கட்டினால் பூஞ்சை பிடித்துத் தடயம் பாழாகும், காயவைத்துக் காகிதத்தில் சுற்றுங்கள் என்று வருஷா வருஷம் சுற்றறிக்கை அனுப்புகிறோம். அந்தச் சுற்றறிக்கையையும் பாலிதீன் பையில் போட்டுத்தான் பத்திரப்படுத்தியிருப்பார்கள். நான் துண்டைப் பிரித்து மேஜைமேல் காயப் போட்டிருந்தேன். பூஜையன்று நம் ஊர்த் துண்டாயிற்றே என்று நானே அதை முதல் வரிசைக்கு, சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தேன்.

நாற்பத்தைந்து நிமிஷம். ஒரு நாமம் விடவில்லை. குனிந்து குனிந்து அட்சதை போட்டேன். கடைசியில் நின்ற ஜீப் டிரைவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டதாம். போட்டோ இணைத்திருக்கிறேன். சுருளில் இது ஒன்றுதான் தேறியது, வேறு பிரதி கிடையாது. வாயைப் பிளந்துகொண்டு நிற்பவன் நான்.

வழக்கு விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாதென்பது விதி. உன்னிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது.

உன் தம்பி
கணேஷ்ராம்


திருத்தணி
3.2.2003

சிரஞ்சீவி கணேஷுக்கு ஆசீர்வாதம்.

போட்டோவைக் கண்ணாடி போட்டு சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். தேதி கூட மூலையில் சிவப்பாக விழுந்திருக்கிறது.

உங்கள் அறிக்கை வந்துவிட்டது. ரகசியமாம். கோர்ட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே எனக்குக் காய்கறிக் கடையில் சொன்னார்கள். துண்டில் பச்சையப்பன் ரத்தத்தோடு வேறொரு ஆணின் தடயமும் இருக்கிறதாம். வேறொரு ஆண் என்று அறிக்கை சொன்னது. கள்ளக்காதலன் என்று ஊர் அதைப் படித்துக்கொண்டது. முதலில் அப்படிப் படித்தது நானாம், ஞானம்மாள் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "யாரோ ஒருத்தன் இருந்திருக்கான். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" இதில் என்ன தப்பு?

வாரத்துக்கு ஒரு நாள் அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். போன வாரம் பூக்கூடையோடு வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "யாரு அவன், யாரு அவன்னு கேட்டுகினே இருக்காங்கம்மா. இன்னான்னு சொல்றது? ஒரு பேரு தெரிஞ்சாலாவது சொல்லிட்டு வூட்டுக்கு வந்துடுவேன்."

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சுவாமிக்குப் போடுகிற பூ. மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன். நான் நிறுத்திய பிறகு தெருவில் நாலு வீட்டில் நிறுத்தினார்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் அறிக்கை நிச்சயம்தானா?

ஜம்பகம்


ஆய்வகக் குடியிருப்பு
20.2.2003

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நிச்சயமா என்று கேட்டிருந்தாய். நீ விஞ்ஞானம் படிக்காதவள் என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

மனிதனின் எந்த உயிரணுவிலிருந்தும் டி.என்.ஏ. சோதனை செய்து ஒரு வரிசை எண்களை எடுக்கலாம். ரத்தம், எச்சில், வேரோடு பிடுங்கிய மயிர், எதுவானாலும் அதே எண்கள்தான். உன் எண்கள் உனக்கு மட்டும், ஞானம்மாள் எண்கள் ஞானம்மாளுக்கு மட்டும். ஊசிமுனை அளவு இருந்தாலும் எங்கள் இயந்திரம் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிவிடும். துண்டில் இரண்டு வரிசை வந்தது. ஒன்று பச்சையப்பன். மற்றது யாரோ ஒரு ஆண். எங்கள் கையால் ஏதாவது கலந்துவிட்டதா என்று பார்க்க, துண்டே போடாத வெறுங்குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுவோம். அது சுத்தமாக இருந்தது. ஆகவே தவறு நடக்க வழியில்லை.

இங்கே எங்களைத் தவிர எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் முறை. போலீஸ் இப்போது அவளிடம் வாடிக்கையாகப் பூ வாங்கும் ஆண்களின் ரத்தத்தை அனுப்ப ஆரம்பித்திருக்கிறது. இதுவரை நான்கு பேர். பால்காரர், மோட்டார் ரிப்பேர்க்காரர், பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர், ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாரும் பொருந்தவில்லை. முருகனுக்குப் பூச் சாத்துவது இவ்வளவு அபாயமான பழக்கம் என்று தெரியாமல் போயிற்று.

அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வேலை மிச்சம்.

கணேஷ்ராம்


திருத்தணி
7.7.2003

கணேஷுக்கு,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நேற்று உன் அத்திம்பேரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துவிட்டார்கள்.

மடப்பள்ளியில் பொங்கல் இறக்குகிற நேரம். கரண்டியும் கையுமாக இருந்தவரை எல்லோர் எதிரிலும் இரண்டு கான்ஸ்டபிள்கள் படியிறக்கி அழைத்துக்கொண்டு போனார்கள். அவள் பூக்கணக்கு நோட்டில் "சாய்கிருஷ்ணன் ஐயர், தினம் ரெண்டு முழம்" என்று இருந்ததாம். வீட்டுக்கு வந்து கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். "நான் என்னடி பண்ணினேன்? நீதானே வாங்கிண்டு வரச் சொன்னே?" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரி அவருக்குச் சாதம் போடும்போது என் கை கொஞ்சம் தாமதித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தது நேற்றுதான்.

ஞானம்மாள் வந்து, "ரத்தம் தானே, கொடுத்தா புண்ணியம்" என்று ஆறுதல் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். பிப்ரவரி மாசம் என் முகத்தில் இருந்தது.

சீக்கிரம் பார்த்துச் சொல்லு.

ஜம்பகம்


ஆய்வகக் குடியிருப்பு
30.7.2003

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

அத்திம்பேர் இல்லை. நிம்மதியாக இரு.

சொந்தக்காரர் என்பதால் நான் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் பார்த்தார், நான் அருகில் நின்றேன். துண்டின் எண்களை எடுக்க அவர் பீரோவைத் திறக்கப் போனார். "வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள்" என்று நானே வரிசையாக ஒப்பித்தேன். அவர் அசந்துபோனார். இதுவரை பதினொரு பேரின் எண்களை இந்த வரிசையோடு வைத்துப் பார்த்திருக்கிறோம். சகஸ்ரநாமத்துக்கு அடுத்தபடி எனக்குப் பிழையில்லாமல் வருவது இதுதான்.

கணேஷ்ராம்


திருத்தணி
12.1.2004

சிரஞ்சீவி கணேஷுக்கு ஆசீர்வாதம்.

உன் அத்திம்பேர் பேர் தெளிந்ததும் மலையில் சர்க்கரைப் பொங்கல் செய்து விநியோகித்தோம் என்று முன்பே எழுதினேன். வரிசையில் நின்றவர்களுக்கு எதற்கென்று சொல்ல முடியவில்லை. வேண்டுதல் என்றேன்.

புஷ்பலதா ஊரில் இல்லை. அண்ணனைக் கொன்றவளுக்குத் தோட்டம் எதற்கு என்று கண்ணையன் பூட்டுப் போட்டுவிட்டான். யாரும் தட்டிக் கேட்கவில்லை. மகள் கமலாவுக்குத் தை மாசம் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணைக் குறை சொல்லவில்லை, அறிக்கை ஒன்று இருக்கிறதாமே என்றார்களாம். நிச்சயத் தட்டு திரும்பிப் போயிற்று. தாயும் மகளும் அரக்கோணத்துக்குக் குடிபோய்விட்டார்கள். புஷ்பலதா ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்கிறாள். அங்கே எல்லோரும் வண்டி பிடிக்க ஓடுகிறவர்கள், யாருடைய கதையும் யாருக்கும் தெரியாது.

போன ஆடிக்கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்தவர்கள் மல்லிகைக்கு அலைந்தார்கள். அந்தத் தோட்டம் காய்ந்துவிட்டது.

நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நடந்ததை எழுதினேன்.

ஜம்பகம்


ஆய்வகக் குடியிருப்பு
22.8.2005

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

எங்கள் பிரிவில் ஸ்னேகா என்று ஒரு புதுப் பெண் சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. பயிற்சிக்கு வழக்குப் பொருளைத் தரக் கூடாது, யாராவது ஒருவர் விரலைக் குத்திக்கொள்வதுதான் வழக்கம். நான் குத்திக்கொண்டேன். அவளே எல்லாம் செய்தாள். முகமூடி, கையுறை, தலைக்கு உறை. இப்போது வருகிற பிள்ளைகள் அப்படித்தான். இரண்டாம் நாள் எண்கள் வந்தன. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவது எண்ணைப் படித்ததும் நாலாவதை நான் சொன்னேன். ஐந்தாவதையும் சொன்னேன். "எப்படி சார் தெரியும்?" என்றாள்.

"அனுபவம்" என்றேன்.

அக்கா, அந்தத் துண்டில் இருந்த ஆண் நான்தான்.

யோசித்துப் பார்த்தேன். யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்துகொண்டிருந்த துண்டுக்கு ஒரு முழ உயரத்தில் முகமூடி இல்லாமல் நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிரம் நாமம் சொன்னேன். ஒவ்வொரு நாமத்துக்கும் துளி எச்சில் தெறித்திருக்கும். எங்கள் இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. வெறுங்குழாய் ஏன் சுத்தமாக இருந்தது என்பதும் விளங்கிவிட்டது. அதை நாங்கள் பூஜையில் வைக்கவில்லை.

நான் இல்லாவிட்டால் அந்தத் துண்டில் பச்சையப்பன் ஒருவன்தான். டாக்டர் சொன்னதில் முதல் பாதி மட்டும் மிஞ்சியிருக்கும்: வழுக்கி விழுந்தான்.

காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுகிறேன். ஆபீஸில் ஏன் சார் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

என்ன செய்வதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அதற்குள் ஒரு காரியம் செய். சுவாமி அலமாரிப் பக்கத்தில் மாட்டியிருக்கும் போட்டோவை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. இங்கே என்னிடம் பத்திரமாக இருக்கட்டும். யாருக்கும் காட்டாதே.

கணேஷ்ராம்


திருத்தணி
30.8.2005

கணேஷுக்கு,

உன் கடிதத்தை அத்திம்பேரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சு வைத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. போட்டோவை எங்கே பத்திரமாக வைக்கப் போகிறாய்? அடுப்பிலா?

ஜம்பகம்


ஆய்வகக் குடியிருப்பு
17.9.2005

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நிதானமாகப் படி.

நான் கோர்ட்டுக்கு எழுதினால் அந்தத் துண்டோடு நிற்காது. அன்றைக்கு மேஜையில் பரப்பியிருந்த இருபத்து மூன்று வழக்குகளையும் தோண்டுவார்கள். ஜம்புலிங்கம் சார் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வந்திருக்கிறது. அவரிடம் மெதுவாக, வேறொரு ஆய்வகத்தில் இப்படி நடந்ததாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படிப்பட்ட ஆய்வகமும் இருக்கிறதா!" என்று வருத்தப்பட்டார்.

இன்னொன்றையும் யோசி. நான் பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரில் இருந்தேன். பச்சையப்பன் செத்த அன்று கிளம்பினேன். அவள் வீடு நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. துண்டில் என் எண்கள் இருக்கின்றன என்று நானே சொன்னால், பூஜையில் எச்சில் தெறித்தது என்பதை யார் நம்புவார்கள்?

அவளைக் கைது செய்யவில்லை, தண்டனை கொடுக்கவில்லை. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் துப்புக் கிடைக்கவில்லை என்று வழக்கைத் தாங்களே முடித்துவிடுவார்கள். எல்லாம் தானாக அடங்கிவிடும்.

எனக்கு வெட்கமாக இல்லை என்று நினைக்காதே. இந்த வருஷம் பூஜைக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தினமும் அந்த வரிசை எண்கள் தானாக வாயில் வருகின்றன. சகஸ்ரநாமம் மறந்துவிட்டது.

போட்டோவை அனுப்பிவிடு.

கணேஷ்ராம்


திருத்தணி
10.10.2005

சிரஞ்சீவி கணேஷுக்கு ஆசீர்வாதம்.

போட்டோவை அனுப்பவில்லை. அது எங்கே போயிற்று என்று சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அரக்கோணம் போனேன். போட்டோவைக் கண்ணாடியோடு எடுத்துப் போனேன். பழைய பேப்பரில்தான் சுற்றினேன், பாலிதீன் ஆகாது என்று நீ எழுதியிருந்தாய். உன் ஆகஸ்ட் மாசக் கடிதமும் கைப்பையில் இருந்தது.

புஷ்பலதா ஸ்டேஷன் படிக்கட்டில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, இவ்ளோ தூரம்? பஸ் ஸ்டாண்டுல பூ தீந்துபோச்சா?" என்றாள். நான் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நான் காய்கறிக் கடையில் சொன்னதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. நடுவில் ஒரு அம்மாள் வந்து மூன்று முழம் கேட்டாள். அளந்து கொடுத்துவிட்டு, "ஆங், சொல்லுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்த பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டோவை வாங்கினாள்.

"இதுல யாரு?"

காட்டினேன்.

"வாயத் தொறந்துகினு நிக்கறாரே, இவரா? நீங்க இன்னா வேணும் இவருக்கு?"

"அக்கா."

ரொம்ப நேரம் பார்த்தாள். வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மூணு வருசமா இந்தாளைத்தான் எங்கிட்ட கேட்டுகினு இருந்தாங்களா? நான் இவர பாத்ததே இல்லியேம்மா."

அதற்கு மேல் அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்தது என்று மட்டும் தெரிந்தது. கிளம்பும்போது இரண்டு முழம் கொடு என்றேன். "இதெல்லாம் சொல்லி வெச்ச பூம்மா" என்றாள். கூடை நிறைய இருந்தது.

கமலா மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்தாள். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். உன் கடிதத்தை நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். கையெழுத்து நல்லா இருக்கு, காப்பி தெளிவா வரும் என்றாள். என் எதிரிலேயே மூன்று பிரதி எடுத்து, அசலையும் போட்டோவையும் வைத்துக்கொண்டு, பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்தாள். "உங்களையும் சாட்சியா கூப்புடுவாங்க, பரவால்லியா?" என்று கேட்டாள். கூப்பிடட்டும் என்றேன். "அவரே எழுதிக்குடுத்தா அது வேற. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நாங்க குடுத்துடுவோம்" என்றாள். அவள் குரலில் மிரட்டல் இல்லை. ஜெராக்ஸ் எத்தனை என்று கேட்கிற குரல்தான்.

நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைப்பாய். நீ வாய் திறந்து நிற்பதும் அதற்கு நேர் கீழே துண்டு கிடப்பதும் தேதியோடு அந்தப் போட்டோவில்தான் இருக்கிறது. அந்தப் போட்டோ அடுப்பில் போயிருந்து, பிறகு எப்படியாவது விஷயம் வெளியே வந்தால், நீதான் அந்த ஆள் என்று ஊர் சொல்லும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வேறு யார் தம்பியாக இருந்தாலும் முதலில் நானே சொல்லியிருப்பேன்.

நாளைக்கு ஆயுத பூஜை. இந்த வருஷம் சந்தனம் அனுப்பவில்லை. முதலில் கோர்ட்டுக்கு எழுது, அப்புறம் எனக்கு எழுது. அத்திம்பேரும் அதையேதான் சொல்லச் சொன்னார். அந்த இருபத்து மூன்றையும் சேர்த்து எழுது. உன்னை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அப்போது முணுமுணுக்காதே. வாய் திறந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்லு.

உன் அக்கா
ஜம்பகம்